மொறட்டுவைக்குப் போய்ச் சேராத பால்பானை

கோப்பாயில் வாடகை என்ற சொல்லை நாங்கள் வண்டிலுக்குத்தான் பாவிப்போம். ஒருவன் வீட்டுக்கு வாடகை கொடுக்கிறானென்றால் அவனுக்கு ஏதோ நடந்துவிட்டதென்று அர்த்தம். ஒன்றில் வீடு எரிந்திருக்கும், இல்லாவிட்டால் மாமனாரோடு வழக்கு நடக்கும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணோடு வரும். கிணறும் நாலு பனையும் கூடவே வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. அந்தச் சீதன வீட்டைப் பூட்டி, திறப்பை மடியில் செருகிக்கொண்டு, யாரோ ஒருவருக்கு மாதாமாதம் காசு கட்டி அவருடைய வீட்டில் இருக்கவென்று நான் பெண்சாதியோடு கொழும்புக்கு வெளிக்கிட்டபோது, ஒழுங்கையில் நின்றவர்கள் செத்தவீட்டுக்குப் போகிறவர்களைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்தார்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கொழும்பில் கிளாக்கர் வேலை பார்க்கிற யாழ்ப்பாணத்தார் ஒரு சாதி, சுருட்டுக்கடையில் நிற்கிற யாழ்ப்பாணத்தார் இன்னொரு சாதி, நான் இரண்டாவது. கடை புறக்கோட்டையில். முதலாளியும் கோப்பாயார்தான். கடையில் நிற்கிறவன் கடையிலேயே படுக்கவேண்டுமென்பது அவருடைய சட்டம். புகையிலைச் சாக்குத்தான் மெத்தை, தலையணை, போர்வை எல்லாம். பெண்சாதிமார் ஊரில் இருப்பார்கள். வருடத்தில் இரண்டு முறை போய் வரலாம். கலியாணமாகி மூன்றாம் தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது என் பெண்சாதி பறுவதம் என் சால்வையை மணந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"நீங்கள் என்னையோ கட்டினனீங்கள், புகையிலைச் சாக்கையோ?"

அதற்குப் பிறகுதான் வீடு தேடத் தொடங்கினேன்.

முதலாளி வேண்டாவெறுப்பாய் ஒத்துக்கொண்டார். "வீடு எங்கையெண்டாலும் எடு. ஆனால் காலமை கடைக்கதவு திறக்கேக்கை நீ முன்னுக்கு நிக்கவேணும். ஒருநாள் பிந்தினாலும் மனிசியை ஊருக்கு ஏத்திப்போட்டு நீ பழையபடி சாக்கிலைதான்."

வெள்ளவத்தையில் எங்களவர்கள் நிறைய என்று அங்கே போனேன். ஒரு கிளாக்கர் தன் வீட்டுப் பின்விறாந்தையைத் தட்டி வைத்து மறைத்து வாடகைக்கு விட்டிருந்தார். கேட்ட வாடகை என் சம்பளத்தில் முக்காற்பங்கு. அதற்கு மேலே நிபந்தனைகள்: அவருடைய பெண்சாதி சமைத்து முடிந்த பிறகுதான் நாங்கள் அடுப்பு மூட்டலாம், கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கக்கூடாது, எக்காரணம் கொண்டும் உரலில் மா இடிக்கக்கூடாது, அவருக்குத் தலையிடி வரும். அந்தக் காசுக்குக் கோப்பாயில் ஒரு தோட்டத்தை வருஷக் குத்தகைக்கு எடுத்து, அதற்குள் நின்று எவ்வளவும் இடிக்கலாம்.

பிறகு கடற்கரைப் பாதையில் ஒவ்வொரு ஸ்ரேசனாய் இறங்கிப் பார்த்தேன். தெற்கே போகப் போக வாடகை இறங்கியது, மாதச் சீசன் ரிக்கற்றின் காசு ஏறியது. இப்படியே இன்னும் கொஞ்சத் தூரம் போனால் வாடகையே இல்லாமல் போய்விடும், ஆனால் நான் றெயிலுக்குள்ளேயே குடியிருக்கவேண்டி வரும் என்று பயந்து மொறட்டுவையில் நின்றுவிட்டேன். அங்கே ஒரு தச்சனின் கட்டில் செய்யும் கொட்டிலுக்குப் பின்னால் ஒரு அறை. முற்பணம் கொடுத்தேன். அன்று முழுக்க எனக்கு ஒரே யோசனை. விடியற்புறத்து வண்டியைத் தவறவிட்டால்? வண்டி பிந்தினால்? ஏறி நித்திரை கொண்டுவிட்டால்?

*

பயணத்தின் முதல் நாள் ஊரிலேயே பாதி உயிர் போய்விட்டது. பறுவதத்தின் தமையன் தம்பையர் எங்களுக்குத் துணையாக வருவதென்று முடிவாயிற்று. தம்பையர் தோட்டக்காரர், சங்கிலி போட்ட மணிக்கூடு ஒன்று மடியில் வைத்திருப்பவர், கொழும்புக்கு ஒருநாளும் போகாதபடியால் கொழும்பைப் பற்றி எல்லாம் தெரிந்தவர். தங்கை சீதன வீட்டை விட்டுப் போவது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. சாத்திரியாரிடம் போய்ப் புதுவீட்டில் பால் காய்ச்ச நேரம் கேட்டு வந்தார்.

"காணும், நல்லாக் கேளும்," என்றார் என்னிடம். "நாளைக்கு மற்றநாள் ஆடி பிறக்குது. நாளைக்குப் பகல் ஒரே ஒரு நல்ல நேரந்தான் கிடக்கு. அதுக்குள்ளை பால் பொங்கவேணும். தவறினால் ஆடிக்குள்ளை குடிபூரேலாது, ஆவணிதான். ஆவணி வரைக்கும் தங்கச்சியை உம்மடை புகையிலைச் சாக்கிலை படுக்கவிடமாட்டன். கையோடை கூட்டிக்கொண்டு வந்திடுவன்."

ஆவணிக்கு வந்தால் அவர் கார்த்திகைக்குத் தள்ளுவார் என்பது எனக்குத் தெரியும்.

பறுவதம் கட்டிய மூட்டைகளைப் பார்த்துவிட்டு வண்டில்காரன் தன் மாட்டைப் பார்த்தான். ஒரு தகரப்பெட்டி, காயவைத்த பனங்கிழங்கு ஒடியல் ஒரு சாக்கு, பனம்பழப் பினாட்டுச் சுருள், முருங்கைத் தடி இரண்டு, புது மண்பானை, எங்கள் பசுவின் பால் ஒரு செம்பு, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு உரலும் உலக்கையும்.

"உரல் எதுக்கப்பா? கொழும்பிலை மா விக்குது," என்றேன் பறுவதத்திடம்.

"வித்தவனின்ரை மா வித்தவனுக்கு," என்றாள்.

றெயிலில் ரிக்கற் பார்க்க வந்தவர் ஆசனத்தின் நடுவே இருந்த உரலை வெகுநேரம் பார்த்தார். "உவருக்கு ரிக்கற் எடுத்தாச்சோ?" என்று கேட்டார். நான் உடனே காசை எடுத்தேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஆனாலும் அவர் திரும்பி வருவாரென்று நான் அநுராதபுரம் வரை காசைக் கையிலேயே வைத்திருந்தேன்.

கொடிகாமத்தில் பலாப்பழம் ஏறியது. ஆனையிறவில் உப்புக் காற்று ஏறியது. அதற்கங்காலே தம்பையரின் யோசனைகள் ஏறின: வன்னிக் காட்டைப் பார்த்து "உதை வெட்டிப் புகையிலை வைக்கலாம்" என்றார்; குளத்தைப் பார்த்து "உந்தத் தண்ணி எங்களிட்டைக் கிடந்தால்" என்றார். இருட்டியதும் நித்திரையாகிப் போனார். மணிக்கூடு மட்டும் அவர் கையில் விழித்திருந்தது.

*

மறுநாள் காலை கோட்டை ஸ்ரேசனில் இறங்கியபோது செம்பைத் திறந்து பார்த்தோம். கோப்பாய்ப் பசுவின் பால் கோப்பாய்த் தயிராகியிருந்தது.

தம்பையர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்ததென்று நான் சொன்னால் பாவம். ஆனால் தெரிந்தது. "பால் இல்லை. என்ன செய்யிறது? இரவு மெயில் வண்டியிலை திரும்புவம்."

நான் பதைத்து ஓடிப்போய் மேடைக் கடையில் ஒரு தகரப்பால் வாங்கி வந்தேன். தம்பையர் அதை உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"உது எந்த மிருகத்தின்ரை பாலெண்டு ஆருக்குத் தெரியும்?"

"அண்ணை, வடிவாப் பாருங்கோ," என்றாள் பறுவதம். "பசுவின்ரை படம் போட்டுக்கிடக்கு."

தம்பையர் படத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். தோட்டக்காரர் அல்லவா, மடியைப் பார்த்தார், கொம்பைப் பார்த்தார். "நல்ல இனம்," என்று ஒத்துக்கொண்டார்.

கடற்கரைப் பாதை வண்டியில் ஏறினோம். ஒரு பக்கம் முழுக்கக் கடல். எங்கள் ஊரில் கடலைப் பார்க்க நாங்களாகப் போகவேண்டும்; இங்கே கடல் யன்னலுக்குள் தலையை நீட்டிக்கொண்டு கூடவே வந்தது. பறுவதம் யன்னலை விட்டு அசையவில்லை, பானையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். நான் ஒவ்வொரு ஸ்ரேசனுக்கும் எழும்பி எழும்பி இருந்தேன். இன்னும் எத்தனை ஸ்ரேசன், விடியற்புறத்து வண்டி எத்தனை மணிக்கு, பொழுதுபட்டு எத்தனை மணிக்குத் திரும்பலாம் என்று என் கணக்கை அவளுக்கு உரக்கச் சொல்லிக்கொண்டே போனேன். அவள் பானையை மடியில் திருப்பித் திருப்பி வைத்தாள்.

வெள்ளவத்தையைக் கடந்து, அடுத்த ஸ்ரேசனான தெகிவளை வருவதற்குச் சற்று முன் வண்டி கீச்சிட்டுக்கொண்டு நின்றது. எட்டிப் பார்த்தால், ஒரு கடவையில் தேங்காய் ஏற்றிய வண்டில் ஒன்று அச்சு முறிந்து தண்டவாளத்துக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்தது. தேங்காய்கள் நாலாபக்கமும் ஓடின. பெட்டிகளில் இருந்தவர்களெல்லாம் இறங்கி ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தம்பையரும் இறங்கினார். மாட்டு விஷயத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. "ஏய், பின்னுக்கு! பின்னுக்கு!" என்று எருதுகளுக்குக் கட்டளையிட்டார். எருதுகள் அவரை ஏறெடுத்துப் பார்த்துவிட்டு அசைபோட்டன.

"உதுகளுக்குத் தமிழ் விளங்கேல்லை," என்று திரும்பி வந்து மணிக்கூட்டை எடுத்தார். முகம் மாறியது. "நேரம் பிறந்திட்டுது காணும்! உந்தத் தேங்காய் பொறுக்கி முடியக்கிடையிலை நேரம் போயிடும். நான் சொன்னன்தானே, இந்தப் பயணம் சரிவராதெண்டு."

மொறட்டுவை இன்னும் எவ்வளவோ தூரம். நான் தம்பையரையும் தேங்காயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்க, பறுவதம் பானையைத் தூக்கிக்கொண்டு பெட்டியால் இறங்கி நடந்தாள்.

"எங்கையடி போறாய்?" என்றார் தம்பையர்.

"அடுப்பெரியுது அண்ணை."

உண்மைதான். கடவைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டுவீடு. முற்றத்தில் ஒரு சிங்கள மனுசி அப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தெரிந்தது பேர் பொடிநோனா, புருஷன் இல்லை. பறுவதத்துக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. அவள் பானையைக் காட்டினாள், அடுப்பைக் காட்டினாள், மேலே சூரியனைக் காட்டினாள். பொடிநோனா அப்பச்சட்டியை இறக்கி வைத்துவிட்டாள். பறுவதம் கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் அள்ளி, முதலில் ஒரு கை குடித்துப் பார்த்தாள். எங்கள் ஊர்ப் பெண்கள் மாப்பிள்ளையைக்கூட அப்படிப் பரீட்சிக்கமாட்டார்கள். தகரப்பாலைக் கரைத்து ஏற்றினாள்.

பால் சூடாகும் நேரத்துக்கு வண்டிலை இழுத்துவிட்டார்கள். வண்டி ஊதியது.

"பறுவதம், பானையைத் தூக்கும்! வண்டி வெளிக்கிடுது!"

"பொங்காத பானையைத் தூக்கிறதோ!" தம்பையர் என் குறுக்கே கையை நீட்டினார். "உப்பிடி ஆரேன் செய்யக் கேட்டிருக்கிறியளோ!"

நான் வண்டியின் பக்கம் ஓடினேன். பிறகு பானையின் பக்கம் ஓடினேன். வண்டியில் என் தகரப்பெட்டி, ஒடியல், உரல் எல்லாம் இருந்தன. பானையடியில் என் பெண்சாதி இருந்தாள். கார்ட் கொடியை ஆட்டிக்கொண்டே என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். கடைசிப் பெட்டி என்னைக் கடந்து போகவும் பின்னால் "பொங்குது! பொங்குது!" என்று சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. பால் கிழக்குப் பக்கமாக, சாத்திரியாரே நின்று ஊற்றியதுபோலப் பொங்கி வழிந்தது.

*

வண்டியின் சத்தம் அடங்கியதும் கடல் மட்டும் இரைந்தது. நான் சொன்னேன்: "மச்சான், அடுத்த வண்டியிலை மொறட்டுவைக்குப் போவம்."

"எப்பிடிப் போறது?" என்றார் தம்பையர் நிதானமாக. "பால் பொங்கினது இஞ்சை. அப்ப நீங்கள் குடிபூந்ததும் இஞ்சைதான். குடிபூந்த வீட்டை விட்டு அண்டைக்கே வெளிக்கிட்டு, ஆடியும் பிறக்க இன்னொரு வீட்டுக்குப் போறதோ? குடும்பத்துக்கு ஆகாது."

"இது எங்கடை வீடில்லையே!"

"அப்ப ஊருக்கு. மெயிலுக்கு நேரம் கிடக்கு."

"நீங்கள்தானே நேரம் நேரமெண்டு துள்ளினது?"

"நான் நேரத்தைச் சொன்னனான். இறங்கினது ஆர்?"

இருவரும் பறுவதத்தைப் பார்த்தோம். அவள் பொங்கிய பாலைச் சிரட்டையில் வார்த்துப் பொடிநோனாவிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

பொடிநோனா குடித்துவிட்டு என்னிடம் ஏதோ கேட்டாள். எனக்குப் பேச வரும் சிங்களம் சுருட்டு விற்கிற சிங்களம்: காரமானது, மெதுவானது, கடன் இல்லை. ஆனாலும் மற்றவர்கள் பேசினால் விளங்கும், அவள் கேட்டதும் விளங்கியது. "புதுவீட்டுக்குத்தானே பால்? எந்த வீடு மாத்தையா?" அவர்களும் புதுவீட்டுக்குப் பால் பொங்கவைப்பவர்கள்தானே. நான் தண்டவாளம் போன திசையைக் காட்டினேன். அங்கே புகை மட்டும் தெரிந்தது.

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடவைக் காவல்காரனைக் கூப்பிட்டு அவனுக்கும் சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, முற்றத்தில் வழிந்து கிடந்த பாலைப் பார்த்தாள். "என் முற்றத்தில் பொங்கிய பாலை விட்டுவிட்டு ஆட்களை மட்டும் அனுப்புவதா? எனக்கும் அது நல்லதில்லை," என்றாள். வீட்டுப் பின்பக்கத்தில் விறகு போட்டிருந்த அறை ஒன்றைத் திறந்து காட்டினாள்.

அறையைப் பார்த்தேன். ஒரு யன்னல், ஒரு கதவு, சுவரில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிர்ப்பக்க வண்டி ஒன்று போனது. ஓடுகள் கடகடவென்று பல்லை நெறித்தன. விறகுக் கட்டைகள் தாமாகவே இடம் மாறி உட்கார்ந்தன. வெள்ளவத்தைக்கு இவ்வளவு கிட்ட ஒரு அறை ஏன் சும்மா கிடந்ததென்று விளங்கிற்று. அவள் சொன்ன வாடகை மொறட்டுவையை விடச் சற்றுக் கூட. மொறட்டுவையில் முற்பணமும் கொடுத்துவிட்ட எனக்கு அது எட்டாது. நான் "மெதுவானது இல்லையா?" என்று கேட்டேன். வாடகையைக் குறைக்க எனக்கு வேறு சிங்களம் வரவில்லை.

பறுவதம் நடுவே வந்தாள். அப்பமா இருந்த சட்டிக்குள் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். பிறகு இரண்டு கையாலும் உலக்கை பிடித்து இடிப்பதுபோல நடித்துக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டாள். பொடிநோனாவின் கண் விரிந்தது. அவளுடைய உரல் வெடித்துப்போய், சந்தையில் வாங்கிய மாவில்தான் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தாளாம். தினமும் விடியற்புறம் மா இடித்துக் கொடுப்பதென்றால் வாடகையில் பாதி போதும் என்றாள். வெள்ளவத்தைக் கிளாக்கர் தடைசெய்த அதே இடி.

"உரல் எங்கே?" என்று பொடிநோனா கேட்டாள்.

உரல் அந்நேரம் மொறட்டுவைப் பக்கமாய்ப் போய்க்கொண்டிருந்தது.

அவள் எங்களுக்கு அப்பமும் சம்பலும் வைத்தாள். தம்பையர் சைவமென்று நான் எச்சரித்தேன். "மீனே இல்லை மாத்தையா," என்று அவள் நெஞ்சில் கை வைத்துச் சொன்னாள். "மாசிக் கருவாடு மட்டுந்தான்." தம்பையர் சீனியோடு சாப்பிட்டார். "மா சரியில்லை," என்றார். "உரல் வராட்டில் நாளைக்கு மெயில். நினைப்பிருக்கட்டும்."

*

பின்னேரம் முழுக்க நான் உரலைத் தேடினேன். மொறட்டுவை ஸ்ரேசனில், பெட்டியில் என் கணக்கைக் கேட்டுக்கொண்டு வந்த யாரோ நல்ல மனிதர் எங்கள் சாமான்களை இறக்கி வைத்திருந்தார். ஒடியல் சாக்கை அதன் மணத்துக்காக வேலிக்கு வெளியே வைத்திருந்தார்கள். அதைச் சுற்றி ஒரு நாய் யோசித்துக்கொண்டு நின்றது. உரலின் மேல் ஒரு கூலிக்காரன் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். எழும்ப மனமில்லாமல் எழும்பினான். தச்சனிடம் போய் முற்பணத்தைக் கேட்டேன். காசு முடிந்துவிட்டதென்றும் வேண்டுமானால் ஒரு முக்காலி எடுத்துக்கொள்ளும்படியும் சொன்னான். ஆக, நான் திரும்பும்போது சாமான் ஒன்று கூடிப்போயிற்று.

தெகிவளையில் இறங்கி ரிக்‌ஷா பிடித்தேன். ரிக்‌ஷாக்காரன் உரலையும் என்னையும் பார்த்து, "இரண்டு பேரில் ஒருவர்தான்," என்றான். உரல் ரிக்‌ஷாவில் போனது. அதன் காலடியில் பெட்டியும் சாக்கும். நான் முக்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பின்னால் நடந்தேன். வழியில் நின்றவர்கள் உரலுக்கு வழிவிட்டார்கள்.

*

மறுநாள்தான் சோதனை. இரவில் போன ஒவ்வொரு வண்டிக்கும் நான் எழும்பி ஓடுகளைப் பிடிக்கிறவன்போலக் கையை மேலே நீட்டினேன். விடியற்புறம், வெள்ளாப்பில் பறுவதம் இடிக்கத் தொடங்கினாள். நான் வெளிக்கிட்டேன். கிட்டிய ஸ்ரேசன் தெகிவளை. அதாவது, கொழும்புக்குப் போவதற்கு நான் முதலில் கொழும்புக்கு முதுகைக் காட்டி நடக்கவேண்டும். தண்டவாளத்துச் சிலிப்பர்க் கட்டைகளின் இடைவெளி என் காலடிக்குச் சேராது. ஒன்றுக்கு மிதித்தால் பெண்பிள்ளை நடை, இரண்டுக்கு மிதித்தால் கள்ளன் நடை. வண்டி பிந்தினால்? முதலாளி நேரத்துக்கு வந்துவிட்டால்?

கடை வாசலுக்கு நான் போனபோது கதவு பூட்டியிருந்தது. முதலாளி வந்து என்னைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார்.

"எங்கை வீடு?"

"றெயில் பாதையிலை, முதலாளி."

"பாதையிலையோ?"

"பக்கத்திலை."

அவர் திறப்பை எடுத்து, ஒரு பெரிய நட்டம் வந்தவர்போலக் கதவைத் திறந்தார்.

தம்பையர் அன்றைய மெயிலுக்கு வெளிக்கிட்டார், தனியாக. காலையில் பொடிநோனா சுட்ட அப்பத்தைச் சீனி இல்லாமலே சாப்பிட்டாராம். போகும்போது என் தோளைத் தட்டி, "ஆவணி பிறக்க மொறட்டுவைக்கு நாள் பாத்து அனுப்புறன்," என்றார். ரிக்‌ஷாவில் ஏறி இருந்து மணிக்கூட்டை எடுத்துப் பார்த்தார். முகத்தைத் துடைத்தார். தங்கைக்கு மட்டும், "கவனமாயிரு பிள்ளை," என்றார்.

அவர் போன பிறகு நான் பறுவதத்திடம் கேட்டேன்: "உண்மையைச் சொல்லும். நேரத்துக்குப் பயந்தோ இறங்கினனீர்?"

அவள் முக்காலியில் இருந்து மா அரித்துக்கொண்டிருந்தாள். "வழி முழுக்கக் கணக்குச் சொல்லிக்கொண்டு வந்தனீங்கள். விடிய முந்திப் போறது, இருண்டாப்போலை வாறது. மொறட்டுவையிலை இருந்து உங்களைக் காணாமல் இருக்கிறதுக்கு, நான் கோப்பாயிலையே இருந்து காணாமல் இருப்பனே. கிணத்தை றெயிலுக்காலை கண்டனான். தண்ணியும் நல்லாயிருந்துது. பிறகென்ன?"

ஆவணி வந்தது. தம்பையரின் நாளும் தபாலில் வந்தது. பறுவதம் அதைக் கூரையில் செருகிவைத்தாள். அடுத்த வண்டிக்கு அது கீழே விழுந்தது. இப்போது அடுப்படியில் எங்கேயோ இருக்கவேண்டும்.

எனக்குப் பயம் போய்விட்டதென்றில்லை. சுவர் வெடிப்பு வளருகிறதா என்று தினமும் சாணால் அளந்து பார்க்கிறேன். ஆனால் காலையில் தெகிவளைக்கு நடந்துபோய் ஏறுகிற வண்டி, என்னை ஏற்றிக்கொண்டு என் வீட்டைக் கடந்துதான் கொழும்புக்குத் திரும்புகிறது. அந்நேரம் பறுவதம் முற்றத்தில் மா இடித்துக்கொண்டிருப்பாள். வண்டியைக் கண்டதும் உலக்கையை ஒற்றைக் கையால் உயரத் தூக்கிப் பிடிப்பாள். பெட்டியில் புதிதாக ஏறியவர்கள், யாரோ ஒருத்தி றெயிலோடு சண்டைக்கு நிற்கிறாளென்று யன்னலை விட்டுத் தலையை உள்ளே இழுப்பார்கள். நான் அவர்களுக்கு நடுவே கையை நீட்டி ஆட்டுவேன்.